மாமரத்துக்குக் குளிர்கிறதாம்

மார்ச் மாத வெயிலில், யாங்கோன் நகரத்துத் தின்கன்ஜூனில், எங்கள் மாமரத்துக்குக் குளிர் அடிக்கும் என்று ஒரு வாரியம் கூட்டம் போட்டு முடிவு செய்தது. எங்களை யாரும் கேட்கவில்லை. மரத்தையும் கேட்கவில்லை.

எங்கள் மரம் என்று சொன்னேனே தவிர, மரம் ரத்தினம்மாள் அக்காவுடையது. அவள் வீட்டு வேலிக்குள் நின்றுகொண்டு, பாதிக் கிளையைத் தெருவுக்குத் தந்திருக்கிறது. அந்த நிழலில் ஒரு பக்கம் அக்காவின் ஃபலூடா வண்டி, மறு பக்கம் என் தையல் மிஷின். நான் முத்து முகம்மது. ரவிக்கை, லொங்ஜி என்கிற பர்மியக் கைலி, பள்ளிப் பிள்ளைகளின் பச்சை லொங்ஜி, எது கிழிந்தாலும் தைப்பேன். யாங்கோன் வெயிலில் நிழல் இல்லாத கடையில் எவனும் நிற்கமாட்டான். மரம் இருந்தால் அக்காவுக்குக் கூட்டம்; அக்காவிடம் கூட்டம் இருந்தால் எனக்குத் துணி. மரம் போனால் இரண்டு வீட்டிலும் உலை வைக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் வருகிற பெரிய மனிதர்கள் ஒருவருக்கும் இது கடைசி வரை புரியவில்லை.

வாரியத்தின் பெயர் பழமர உறைபனிக் காப்பு வாரியம். அலுவலகம் கியாக்டடாவில், சூலே பகோடாவுக்குக் கூப்பிடு தூரத்தில், வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன ஒரு கட்டடம். வடக்கே மலைப்பக்கத்துப் பழத்தோட்டங்களில் குளிர்காலத்தில் உறைபனி விழுந்து பூவெல்லாம் கருகிப்போகுமாம். அதற்காக வெளிநாட்டிலிருந்து தானியங்கி வெப்பமூட்டிகள் வாங்கினார்கள். நாங்கள் ஹீட்டர் என்போம். ஆள் உயரத்தில் ஒரு தகர உருளை, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் விரல் பருமனில் ஒரு சென்சார். சென்சாருக்குக் குளிர் பட்டால் உருளை தானாகக் காயும். குளிர் விட்டால் தானாக ஓயும். நல்ல சாமான்தான், சாமானைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் மலைக்குப் போகிற வழி சரியில்லை. சாமானோ வந்து இறங்கிவிட்டது. வாரியமும் யாங்கோனில்தான் இருக்கிறது. ஆகவே உறைபனிதான் யாங்கோனுக்கு வர வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் பால். எங்கள் தமிழ் ஆள்தான், தாகேதாவில் வீடு. தகப்பனார் மிஷன் பள்ளியில் படித்து கிளார்க்கானவர். இவரும் வாரியத்தில் கிளார்க். கழுத்தில் கம்பளி மஃப்ளர் சுற்றியிருந்தார். வாரியத்தின் சீருடை அது. பெரிய அதிகாரிகளுக்குக் கம்பளிக் கோட்டும் உண்டாம். பாவம், கழுத்து முழுக்க வேர்க்குரு.

"அக்கா, உங்க தோட்டத்தைப் பதிவு பண்ண வந்திருக்கேன்."

"எந்தத் தோட்டம்?"

"இதான்."

"இது ஒத்த மரம், தம்பி."

"பழமரம் நின்னா வாரியத்துக்கு அது தோட்டம்தான்க்கா. தாகேதாவில ஒரு வாழைக்குக்கூட ஹீட்டர் வெச்சாச்சு."

"வாழைக்குமா?"

"போன வாரம் தார் வெட்டி மரத்தைச் சாய்ச்சுட்டாங்க. ஹீட்டர் மட்டும் தனியா நிக்குது. தோட்டம் பத்திரமா இருக்குன்னு எழுதி அனுப்பியிருக்கோம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். சிரித்தால் பால் மனசு நோகும்.

அடுத்த நாள் ஹீட்டர் வந்தது, ரிப்பன் வந்தது, அவற்றுக்குப் பின்னால் வாரியத்தின் தலைவரும் வந்தார். அவரை எல்லாரும் சயாஜி என்பார்கள். பர்மியத்தில் பெரிய வாத்தியார் என்று அர்த்தம். யாருக்கும் பாடம் சொல்லித்தராத பெரிய மனிதர்களுக்கும் அதுதான் மரியாதை. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். சொன்னால் என் மிஷினைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிடுவார்கள், ஆகவே சயாஜியாகவே இருக்கட்டும். முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் முழங்கால் வரை கம்பளிக் கோட்டுப் போட்டு வந்திருந்தார். வண்டியிலிருந்து இறங்கும்போதே கோட்டுப் பட்டன் ஒன்று தெறித்தது. அதைத் தைத்துக் கொடுத்தவன் நான்தான். கோட்டு உள்ளே நனைந்திருந்தது.

"அன்பார்ந்த பழ விவசாயிகளே!" என்று தொடங்கினார். எதிரே நானும் அக்காவும், ஃபலூடா குடிக்க வந்த இரண்டு பேரும் நின்றோம். "யாங்கோனில் இதுவரை உறைபனி விழுந்ததில்லை என்று சிலர் கேலி பேசுகிறார்கள். அதன் பொருள் என்ன? இதுவரை நாம் தயாராக இல்லை என்பதுதான்! இந்தக் கருவி தானியங்கி. இது ஓடும்போது மனிதக் கை இதைத் தொடக் கூடாது. அதற்காகவே இதில் சுவிட்ச் வைக்கவில்லை. மனிதன் யோசிப்பான், யோசித்தால் தவறு செய்வான். எங்கள் வாரியத்தில் யாரையும் யோசிக்க நாங்கள் அனுமதிப்பதில்லை."

பாலும் மற்றவர்களும் கை தட்டினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். சயாஜி ஒரு ஃபலூடா வாங்கிக் குடித்தார், இன்னொன்றும் குடித்தார், அப்புறம் மஃப்ளரால் வாயைத் துடைத்துக்கொண்டு போனார்.

ஹீட்டருக்கென்று தனியாக ஒரு மின்கம்பி இழுத்தார்கள். அதுதான் எங்கள் தெருக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. மின்சாரத்தை நாங்கள் மீ என்போம். மீ எப்போது வரும், எப்போது போகும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. வந்த நேரத்தில் தண்ணீர் ஏற்றி, சோறாக்கி, போனைச் சார்ஜ் போட வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் மரத்துக்கு நாள் முழுக்க மீ, மரத்தின் சொந்தக்காரிக்குப் பனையோலை விசிறி. அக்கா அந்தக் கம்பியில் ஒரு மின்விசிறி மாட்டலாமா என்று பாலிடம் கேட்டாள். விசிறி குளிர்ச்சி தருவதால் அது வாரியத்தின் நோக்கத்துக்கு எதிரானது என்று பதில் வந்தது.

இத்தனை செய்தும் ஹீட்டர் காயவில்லை. இரண்டு டிகிரிக்குக் கீழே போனால்தான் அது காயும். அதிகாரிகள் வாரா வாரம் வந்து, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுகிற மாதிரி தகரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். ஊரில் ஒரு ஹீட்டர்கூட வேலை செய்யவில்லை என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்ததாம். உடனே கியாக்டடாவில் அவசரக் கூட்டம். இரண்டு டிகிரி என்பது வெளிநாட்டு உறைபனி, யாங்கோன் மக்களின் உடல்வாகுக்கு அது பொருந்தாது, ஆகவே யாங்கோன் உறைபனி பத்து டிகிரியில் தொடங்கும் என்று தீர்மானம் போட்டார்கள். அப்போதும் ஹீட்டர் அசையவில்லை. இன்னொரு கூட்டம் போட்டு அதை இருபது டிகிரி ஆக்கினார்கள். பால் வந்து ஹீட்டரின் பின்பக்கம் ஒரு திருகைத் திருப்பிவிட்டுப் போனார். சட்டப்படி யாங்கோனில் இனி இருபது டிகிரியில் தண்ணீர் உறைய வேண்டும்.

இங்கேதான் அக்காவின் கோணி வருகிறது.

அக்கா வேலை செய்கிற முறையே தனி. காலையில் பர்கத்துல்லா தன் சின்ன லாரியில் வந்து ஐஸ் பாளத்தை இறக்கிவிட்டுப் போவார். அக்கா அதை மரத்தூளில் புதைத்து, மேலே கோணி சுற்றி, மரத்தடியில் வைப்பாள். வெளியே எடுக்கிற கோணியில் ஐஸ் சில்லு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உதறாமல் எங்கேயாவது தொங்கவிட்டு, சொட்டுகிற தண்ணீரைக் கீழே வாளியில் பிடிப்பாள். தண்ணீரை அவ்வளவு சுலபமாக வீணாக்குகிறவள் இல்லை. ஹீட்டர்காரர்கள் சென்சாரை இடுப்பு உயரத்தில் ஒரு இரும்புக் கம்பியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அக்காவின் கண்ணுக்கு அது கோணி மாட்டுகிற ஆணியாகத்தான் பட்டது. மாட்டினாள்.

நடு மத்தியானம் ஹீட்டர் உறுமியது. தகரம் சிவந்தது. என் மிஷினில் இருந்த நைலான் ரவிக்கை என் கண் முன்னாலேயே சுருங்கி, குழந்தைச் சட்டை அளவுக்கு வந்தது. நிழலில் நின்று ஃபலூடா குடித்துக்கொண்டிருந்தவர்கள் பாயசமாகிப்போன கோப்பையைக் கையில் பிடித்தபடி ஓடினார்கள். நான் "அல்லாவே!" என்று மிஷினைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போனேன். அக்காதான் முதலில் சுதாரித்து, கோணியைப் பிடுங்கி எறிந்தாள். கொஞ்ச நேரத்தில் ஹீட்டர் ஓய்ந்தது.

ஆனால் அந்தப் பாழாய்ப்போன சாமான் காய்ந்தவுடன் தானாகவே கியாக்டடாவுக்குச் செய்தி அனுப்பிவிடுமாம். டாக்சியில் வந்து இறங்கினார் பால்.

"அக்கா, உறைபனி விழுந்துருச்சு!"

"எங்கே?"

"இங்கேதான்! யாங்கோனோட முதல் உறைபனி!"

"அட போ தம்பி. அது என் கோணி."

பால் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரியும்க்கா. ஆபீஸ்ல பாதிப் பேருக்குத் தெரியும். சயாஜிக்கு மட்டும் தெரியாது. அவருக்குத் தெரியக்கூடாதுன்னுதான் மிச்சப் பேருக்குச் சம்பளம்."

மறுநாள் சயாஜி போட்டோக்காரர்களோடு வந்தார். உறைபனியில் நிற்கிற மனிதர் மூச்சு விட்டால் புகை வர வேண்டும் என்று போட்டோக்காரர் சொன்னார். சயாஜி ஊதிப் பார்த்தார், வரவில்லை. வாயில் ஐஸ் வைத்துக்கொண்டு ஊதினார். பல் கூசியதுதான் மிச்சம். கடைசியில் பால், சயாஜியின் முதுகுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, கொதிக்கிற தேநீர்க் கெட்டிலை அவர் தாடைக்கு நேரே தூக்கிப் பிடித்தார். படம் நன்றாகத்தான் வந்தது. ஆவி பட்டு சயாஜியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 'விவசாயிகளின் துயர் கண்டு கலங்கிய தலைவர்' என்று படத்தின் கீழே போட்டிருந்தார்கள்.

அதன் பிறகு எங்களைப் பிடித்தது சனி. உறைபனிப் பகுதியில் குளிர்பானம் விற்பது உறைபனியைத் தூண்டும் என்று சொல்லி, அக்காவின் ஃபலூடாவுக்குத் தடை போட்டார்கள். ஐஸ் நின்றது. ஐஸ் நின்றதும் உறைபனியும் நின்றது. உறைபனி நின்றதும் வாரியம் பதறியது, ஏனென்றால் மேலிடத்துக் குழு ஒன்று முதல் உறைபனியைப் பார்வையிட எந்த நேரமும் வரலாம். ஆகவே தடையை எடுத்தார்கள். எடுத்ததோடு விட்டிருந்தால் நான் இந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேன். காலையில் ஐஸ் வந்து இறங்கியதிலிருந்து சாயங்காலம் வரை சென்சாருக்குப் பக்கத்தில் ஐஸ் இருந்தே ஆக வேண்டும் என்று அக்காவுக்கு உத்தரவு போட்டார்கள். தவறினால் அது கைவிடப்பட்ட தோட்டம். கைவிடப்பட்ட தோட்டத்தை வாரியம் எடுத்துக்கொண்டு, மரத்தை வெட்டி, அந்த இடத்தில் உறைபனி ஆராய்ச்சிக் கொட்டகை கட்டும்.

ஐஸ் வைத்தால் மரம் கருகும். வைக்காவிட்டால் மரம் வெட்டுப்படும். அக்கா வைத்தாள்.

ஹீட்டர் பக்கத்துக் கிளையில் இலை முதலில் சுருண்டது, பிறகு பழுப்பேறியது. பட்டாணி அளவிலிருந்து பாக்கு அளவுக்கு வந்திருந்த பிஞ்சுகள் காலையில் கூட்டினால் மத்தியானம் மறுபடி கிடந்தன. நிழல் நாளுக்கு நாள் மெலிந்தது. நான் மிஷினை இடம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் என் முதுகுக்கு ஹீட்டர், மூஞ்சிக்கு வெயில். வாடிக்கையாளர்கள் எதிர்த்தெருவில் நின்று எங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நடந்தார்கள். மீ இல்லாத நேரத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து ஹீட்டர் பக்கத்தில் அப்பளமும் கருவாடும் காயவைத்தார்கள். அதுதான் அந்த ஹீட்டரால் தின்கன்ஜூனுக்குக் கிடைத்த ஒரே நன்மை.

ஒரு நாள் அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வயிறு எரியுது பாய். மே மாசம் இந்த மாம்பழம் போட்டு ஃபலூடா குடிக்க எங்கெங்கேயிருந்தோ வருவாங்க. நானே என் கையாலே ஐஸ் வெச்சு, என் மரத்தை நானே பொசுக்கறேன். இதைவிட வெட்டிட்டுப் போகட்டும்."

"வெட்டிட்டா என்னக்கா பண்ணுவோம்?"

அவள் கருகின பிஞ்சுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு எழுந்தாள். "வாங்க, அந்த ஆளைப் பாத்து நாலு வார்த்தை கேட்டுட்டு வந்துடலாம்."

பஸ் பிடித்துக் கியாக்டடா போனோம். வாரியத்தின் வாசலில் காவல்காரர் எங்கள் கழுத்தில் ஆளுக்கொரு கம்பளி மஃப்ளர் சுற்றிவிட்டார். வருகிறவர்கள் எல்லாரும் சுற்றிக்கொள்ள வேண்டுமாம். எதற்கு என்று உள்ளே போனதும்தான் தெரிந்தது. தெருவில் தார் உருகிக்கொண்டிருக்க, உள்ளே ஏசி போட்டுப் பல் கிட்டுகிற குளிர். கம்பளிக் கோட்டுப் போட்டிருப்பதால் சயாஜிக்குப் புழுங்குகிறதாம், அதற்காக ஏசி. ஏசி குளிர்வதால் மற்ற எல்லாருக்கும் கம்பளி. சயாஜியின் மேசையில் ஒரு தட்டு நிறைய பிளாஸ்டிக் ஆப்பிள். அவருக்குப் பின்னால் ஒரு வாசகம் எழுதி மாட்டியிருந்தது: 'உறைபனி எச்சரிக்கையின்போது கோட்டைக் கழற்றாதீர்.'

அக்கா மடியை அவிழ்த்துப் பிஞ்சுகளை ஆப்பிள்களுக்குப் பக்கத்தில் கொட்டினாள். அவள் பர்மியம் பேசினால் பர்மியர்களே திரும்பிப் பார்ப்பார்கள். பேச்சைத் தமிழில் தருகிறேன்.

"சயாஜி, மரம் சாகுது."

சயாஜி ஒரு பிஞ்சை எடுத்துப் பார்த்தார். "இது உறைபனியால் செத்ததா?"

"இல்லை. உங்க ஹீட்டராலே."

"பார்த்தாயா!" அவர் முகம் மலர்ந்தது. "உறைபனியால் ஒரு பிஞ்சுகூடச் சாகவில்லை. இதைத்தான் நான் மேலிடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பால், எழுதிக்கொள்."

"மரமே செத்துட்டா?"

"செத்தாலும் அது உறைபனியிலிருந்து காப்பாற்றப்பட்ட மரமாகத்தான் சாகும். அந்தப் பெருமையை உன்னிடமிருந்து யாரும் பறிக்க முடியாது."

அக்கா அசையவில்லை. "அதை எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள்.

"அது என் கையில் இல்லை, அம்மா. தானியங்கி என்றால் என்ன? யாரையும் கேட்காமல் குளிரைத் தேடிப் போவது. அதைவிடக் குளிரான இடத்துக்கு மட்டும்தான் அதை மாற்றலாம். அப்படி ஓர் இடம் யாங்கோனில் இருந்தால் எனக்கும் காட்டு. அந்த இடமே தோட்டம், அங்கே இருப்பதெல்லாம் பழமரம். என்னிடம் அனுமதிகூடக் கேட்க வேண்டாம்."

"கேட்க வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம். இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்."

அக்கா நிமிர்ந்து, அவர் தலைக்கு மேலே ஏசியில் எரிந்துகொண்டிருந்த பச்சை எண்ணைப் பார்த்தாள். பதினேழு. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். மஃப்ளரைக் கழற்றக்கூட மறந்துபோய், அதோடேயே பஸ் ஏறினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் காய்ச்சலா என்று கேட்டார்கள். பஸ் பாசுண்டவுங்கைத் தாண்டியது. அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"பாய், நாளைக்கு ஐஸ் எறக்கினப்புறம் பர்கத்துல்லாவோட லாரி சும்மாதானே இருக்கும்?"

மறுநாள் காலையில் அக்கா ஐஸை மரத்தடியில் வைக்கவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள். ஹீட்டர் சும்மா நின்றது. நான் பிளக்கைக் கழற்றினேன். நானும் பர்கத்துல்லாவும் அதைத் தூக்க முயன்றோம். இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து ஐஸைச் சோதிக்க பால் வந்து நின்றார்.

"அக்கா, ஐஸ் எங்கே?"

"இன்னைக்கு ஐஸ் இல்ல தம்பி. இதைவிடக் குளிரான எடம் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்."

பால் அக்காவைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், அக்கா கழுத்திலிருந்த வாரியத்து மஃப்ளரைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. கொஞ்ச நேரம் வேர்க்குருவைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஓடறப்பதான் தொடக்கூடாது. இப்ப இது வெறும் தகரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வந்து ஒரு பக்கம் பிடித்தார்.

வாரியத்தின் ஹீட்டர், வாரியத்தின் மஃப்ளர், வாரியத்தின் கிளார்க்கோடு வாரியத்துக்கே திரும்பி வருகிறது; காவல்காரர் தடுக்கவில்லை. கதவைக்கூடத் திறந்து பிடித்தார். மேலே சயாஜியின் அறையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேலிடத்துக் குழுவும் வந்து உட்கார்ந்திருந்தது. உறைபனிக் காலத்தை ஜூன் வரை நீட்டிப்பது பற்றி சயாஜி பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் ஹீட்டரை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். அக்கா ஒரு ஸ்டூலில் ஏறி, சென்சாரை ஏசியின் வாயில் தொங்கவிட்டாள். நான் பிளக்கைச் செருகினேன். வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலியில் அக்கா உட்கார்ந்து மஃப்ளரை இறுக்கிக்கொண்டாள்.

"இது என்ன?" என்றார் சயாஜி.

"நீங்க சொன்ன எடம்தான் சயாஜி. தின்கன்ஜூனைவிட இங்கேதான் குளிர் அதிகம்."

ஹீட்டர் உறுமியது. சுவர் ஓரத்தில் இருந்தவர்கள் நாற்காலியோடு நகர்ந்தார்கள். அறை சூடாகவும் ஏசிக்கு வேகம் பிடித்தது, அதுவும் தானியங்கிதான். ஏசி வேகம் பிடிக்கவும் சென்சாருக்கு இன்னும் குளிர்ந்தது. ஹீட்டர் இன்னும் சிவந்தது. இரண்டு சாமானும் ஒன்றையொன்று விடுவதாக இல்லை. மேலே குளிர், கீழே நெருப்பு, நடுவில் கம்பளிக் கோட்டில் சயாஜி. கோட்டுப் பட்டனில் கை வைத்தார். குழுவில் ஒருவர் சுவரில் மாட்டியிருந்த வாசகத்தை நிமிர்ந்து படித்தார். சயாஜி கையை எடுத்துக்கொண்டார்.

"ஏசியை நிறுத்துங்கள்!"

"நிறுத்தலாம் சயாஜி" என்றார் பால், மிகவும் பணிவாக. "நிறுத்தினால் உறைபனி ஏசியிலிருந்து வருவதாகக் குழுவினர் நினைத்துக்கொள்வார்களே."

"அப்படியானால் ஹீட்டரை நிறுத்து!"

"ஓடுகிறதே சயாஜி. மனிதக் கை படக் கூடாது."

மேசையில் பிளாஸ்டிக் ஆப்பிள் ஒன்று மெல்ல ஒரு பக்கமாகக் குழைந்து, தட்டோடு ஒட்டிக்கொண்டது. இன்னொன்றும் குழைந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவலைப்படாதீங்க சயாஜி" என்றாள். "உறைபனியால ஒண்ணும் சாகல."

குழுவில் யாரோ சிரித்தார்கள். இருமல் மாதிரி மறைத்துக்கொண்டார்கள், ஆனால் அது சிரிப்புதான். சயாஜியின் முகம் ஹீட்டர் நிறத்துக்கு வந்திருந்தது. "வெளியே போ!" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். "உன் மரத்தை வெட்டிவிடுவேன்!"

அக்கா எழுந்தாள். நான் அவளை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை.

"வெட்ட வாங்க. கோடாலியோட நீங்களே வாங்க, இதே கோட்டுப் போட்டுட்டு வாங்க. தெரு முழுக்க நின்னு பாக்கட்டும். ஐஸ் வெச்சு என் மரத்தை நானே பொசுக்கினேன், அது போதும். இனி என் கையாலே ஒரு சில்லுகூட வைக்கமாட்டேன். குளிர் உங்க தலைக்கு மேலே இருக்கு. உங்களுக்குக் குளிருதுன்னா நீங்க காயுங்க. என் மரத்துக்குக் குளிரல!"

ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. சயாஜி ஒரு நிமிஷம் பொறுத்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, சுவரண்டை மண்டியிட்டு, தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கினார். அதை எல்லாரும் பார்த்தார்கள். சத்தம் கேட்டு மேலே ஏறி வந்திருந்த காவல்காரர் பார்த்தார், தாழ்வாரத்தில் கூடிவிட்ட கிளார்க்குகள் பார்த்தார்கள், அவர்களில் ஒரு பெண் போனில் படமும் எடுத்தாள்.

"அப்போ கை படலாம்" என்றாள் அக்கா. "இது தெரியாமப் போச்சே."

நாங்கள் கிளம்பினோம். பால் எங்களோடு வாசல் வரை வந்து, தன் மஃப்ளரைக் கழற்றிக் காவல்காரர் கையில் கொடுத்துவிட்டு, கழுத்தைச் சொறிந்துகொண்டே உள்ளே போனார். நாங்கள் தின்கன்ஜூன் வந்து சேர்வதற்குள் சேதி எங்களை முந்திக்கொண்டு ஊர் முழுக்கப் போய்விட்டது. சயாஜியே பிடுங்கினாராம், தன் கையாலேயே பிடுங்கினாராம் என்று போனுக்குப் போன் பறந்தது. அன்று சாயங்காலம் தாகேதாவில் வாழை இல்லாத வாழைத்தோட்டத்து ஹீட்டரைப் பிடுங்கினார்கள். மறுநாள் கொய்யாவுக்கு வைத்தது, பலாவுக்கு வைத்தது, ஒரு பள்ளிக்கூட வாசலில் நாவல் மரத்துக்கு வைத்தது எல்லாம் பிடுங்கப்பட்டன. ஒவ்வொரு ஹீட்டரும் பிடுங்கப்பட்ட இடத்தில், அந்தத் தனி மின்கம்பியில் மக்கள் ஒரு மின்விசிறி மாட்டிக்கொண்டார்கள். வாரியம் ஆள் அனுப்பவில்லை. இந்த ஆண்டு யாங்கோனில் உறைபனி முற்றிலும் முறியடிக்கப்பட்டது என்று மட்டும் ஒரு அறிவிப்பு வெளியிட்டது.

மரம் பிழைத்துக்கொண்டது. ஹீட்டர் நின்ற பக்கம் இன்னும் மொட்டையாகத்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் நான் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். மறு பக்கத்தில் மே மாதம் காய் பழுத்தது. வழக்கத்தில் பாதிகூட இல்லை. அக்கா மாம்பழ ஃபலூடா போட்டாள், கூட்டம் வந்தது, வந்தவர்கள் பொத்தான் அறுந்த சட்டைகளையும் கொண்டுவந்தார்கள்.

போன வாரம் பால் வந்தார். கழுத்து ஆறியிருந்தது. கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அக்கா, ஆபீஸ்லேருந்து கேட்டு விட்டிருக்காங்க. அன்னைக்கு நீங்க போட்டுட்டு வந்த மஃப்ளர், அது வாரியத்துச் சொத்தாம். திருப்பித் தரணுமாம்."

அக்கா ஒரு கோப்பை ஃபலூடாவை அவர் கையில் கொடுத்துவிட்டு மரத்தடியைக் காட்டினாள். அங்கே ஐஸ் பாளத்தைச் சுற்றி, கோணிக்கு அடியில், வாரியத்தின் மஃப்ளர் இருந்தது. கோணியைவிடக் கம்பளி ஐஸை அதிக நேரம் கரையவிடாமல் வைக்கிறது. அந்த மஃப்ளர் உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

"சயாஜியை வந்து எடுத்துக்கச் சொல்லு தம்பி" என்றாள் அக்கா. "ஐஸ் கரைஞ்சதும் தர்றேன்."

பால் கோப்பையைக் காலி செய்தார். அந்த நேரம் பர்கத்துல்லாவின் லாரி அடுத்த பாளத்தோடு தெருமுனையில் திரும்பியது.